கீலில் விழுந்த வெள்ளைக் கோடு

தஸ்லீமாவுக்கு உள்ளங்கை எப்போதும் வியர்க்கும். குளிர்சாதன அறையில் உட்கார்ந்தாலும் வியர்க்கும். மலேசியாவின் கிள்ளானில் அவள் அத்தா வைத்திருந்த துணிக்கடையில் பதிமூன்று வயதிலேயே அவள் நிற்கத் தொடங்கிவிட்டாள். ஈரக்கையால் பட்டுத் துணியைத் தொட்டால் விரல் பதிந்துவிடும். அதனால் முகப்பவுடரைக் கையில் தட்டிக்கொண்ட பிறகுதான் துணியை எடுக்க வேண்டும் என்பது அத்தாவின் கட்டளை. கடையை விற்றாயிற்று, அத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். பவுடர் டப்பா மட்டும் தஸ்லீமாவின் கைப்பையிலேயே தங்கிவிட்டது.

இருபத்திரண்டு வயதில் சுங்கை வேயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். முதலில் பெட்டி கட்டும் வேலை, பிறகு மெஷின், அதன் பிறகு தரம் பார்க்கும் மேசை. படிப்பு பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தோடு நின்றுவிட்டது என்றாலும் கண் கூர்மையானது. துணியில் ஓடும் ஒற்றை இழையைக் கண்டுபிடித்துப் பழகியவளுக்கு, பிளாஸ்டிக் மூடியில் முடி அளவு கீறல் தெரியாமல் போகுமா? இருபத்தாறு வருடத்தில் அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய சரக்கு திரும்பி வந்தது அபூர்வம். மேனேஜர் யாப் வாடிக்கையாளர்களிடம், "எங்களிடம் தஸ்லீமா இருக்கிறார்" என்று சொல்வார். அவளுக்கு அது கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன் அந்தத் தொழிற்சாலைக்கு மாத்திரைப் பெட்டி செய்யும் ஆர்டர் ஒன்று கிடைத்தது. வாரத்துக்கு ஏழு நாள், ஏழு அறை, ஏழு மூடி. பெட்டியும் மூடியும் தனித்தனி அல்ல, ஒரே வார்ப்பு. உருகிய பிளாஸ்டிக்கை மோல்டு எனும் எஃகு அச்சுக்குள் செலுத்தி, ஆறவைத்து, மோல்டைத் திறந்தால் முழுப் பெட்டியும் ஒன்றாக விழும். மூடியையும் பெட்டியையும் இணைக்கும் கீல் என்பது அதே பிளாஸ்டிக்கின் மெல்லிய பட்டைதான், நகத்தைவிட மெல்லியது. ஆயிரம் தடவை மடக்கினாலும் அது உடையக் கூடாது.

மருந்து சம்பந்தப்பட்ட பொருள் என்பதால் சுத்தம் கடுமை. தினமும் காலை ஏழரைக்கு, மெஷின் ஓடுவதற்கு முன், தஸ்லீமா பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு மோல்டைத் துடைப்பாள். கீல் உருவாகும் ஏழு குறுகிய பள்ளங்களிலும் விரல் நுனியை ஓட்டித் தூசி இருக்கிறதா என்று பார்ப்பாள். அவள் நகர்ந்த பிறகுதான் தனேஷ் மெஷினை ஓட்டுவான்.

தனேஷ் செலாயாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருபவன். நாற்பது வயது தாண்டியவன். வேலையில் கெட்டிக்காரன், வாய்தான் கொஞ்சம் நீளம். தரம் பார்க்கிறவர்களுக்கு என்ன வேலை, பொருளைப் பார்த்து முகத்தைச் சுளிப்பதுதானே என்று ஒரு தடவை கேன்டீனில் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தான். தஸ்லீமா அதை மறக்கவில்லை. அதற்குப் பிறகு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இருவருக்கும் இல்லை.

போன வருடம் மார்ச்சில் புகார் வந்தது. கீல் உடைகிறது என்று மருந்துக்கடைக்காரர்கள் இரண்டு அட்டைப்பெட்டி நிறையச் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். கூடவே பிரிக்பீல்ட்ஸிலிருந்து பெர்னடெட் என்ற அம்மா ஒருவர் எழுதிய கடிதமும் இருந்தது. வியாழக்கிழமை மூடி தனியாகக் கழன்று விழுந்துவிட்டதாம். புதனுக்கு அடுத்து வெள்ளிதான் என்று நினைத்து அவருடைய கணவர் ஒரு நாள் மாத்திரையை விட்டுவிட்டாராம். யாப் அதை வாசித்துவிட்டுச் சிரிக்கவில்லை. தஸ்லீமாவுக்கும் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வந்த பெட்டிகளை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உடைந்த கீல்கள் எல்லாவற்றிலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. நல்ல கீல் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். பெட்டியின் அடியில் நாளும் நேரமும் பதிந்திருக்கும். கெட்டவை எல்லாமே காலையில் முதல் முதலாக விழுந்தவை. பத்து மணிக்கு மேல் வந்தவற்றில் ஒன்றுகூடக் கெட்டுப்போகவில்லை.

காலையில் மெஷினை ஓட்டுவது யார்? தனேஷ். மோல்டு உரிய சூட்டுக்கு வருவதற்குள் அவசரப்பட்டு ஓட்டுகிறான் என்று தஸ்லீமா முடிவு கட்டினாள். ரிப்போர்ட்டில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். யாப் அவனை மெஷினிலிருந்து எடுத்து, கழிவு பிளாஸ்டிக்கை அரைக்கும் இடத்துக்கு மாற்றினார். காதைப் பிளக்கும் சத்தம், எந்நேரமும் தூசி. அங்கே யாரும் விரும்பிப் போவதில்லை.

தனேஷ் நேராக அவள் மேசைக்கு வந்தான்.

"அக்கா, சூடு ஏறினதுக்கு அப்புறம்தான் நான் ஓட்டுறேன். மீட்டரைப் பாருங்க, ரெக்கார்டு இருக்கு."

"மீட்டர் பொய் சொல்லும் தனேஷ். கீல் பொய் சொல்லாது."

அவன் திரும்பிப் போய்விட்டான். தான் சொன்ன பதில் தஸ்லீமாவுக்கே பிடித்திருந்தது. அன்று சாயங்காலம் கணவர் இக்ராமிடம் அதை இரண்டு தடவை சொன்னாள்.

அடுத்த வாரம் நோன்புப் பெருநாள். பத்து நாள் விடுமுறை எடுத்தாள். அவளுக்குப் பதிலாக, அதே மேசையில் வேலை செய்யும் வாணி மோல்டைத் துடைத்தாள், தனேஷின் இடத்தில் வேறொருவர் மெஷினை ஓட்டினார். பத்து நாளும் ஒரு கீலில்கூடக் கோடு விழவில்லை. தஸ்லீமா பலகாரப் பெட்டியோடு வேலைக்குத் திரும்பியபோது யாப் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அரைக்கும் இடத்தைத் தாண்டிப் போகும்போது தனேஷ் தலையைத் திருப்பிக்கொண்டான். அவளும் நிற்கவில்லை.

திரும்பி வந்த மூன்றாம் நாள், காலையில் விழுந்த முதல் நூறு பெட்டிகளிலிருந்து ஒன்றை எடுத்து மடக்கிப் பார்த்தாள். வெள்ளைக் கோடு. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் அதே கோடு. தனேஷோ அங்கே இல்லவே இல்லை.

யாப்பிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் பெருமூச்சு விட்டார். நல்லதும் கெட்டதுமாகச் சில பெட்டிகளைப் பையில் போட்டுக் கொடுத்து, பல்கலைக்கழகத்தில் பிளாஸ்டிக் ஆராயும் கூடத்துக்கு அவளையே அனுப்பினார்.

அந்தக் கூடத்தில் இருந்தவர் டாக்டர் பட்டம் பெற்ற ரமணி. முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சங்கிலியில் கண்ணாடி தொங்கியது. அவர் கீலைக் குறுக்காக வெட்டி, சருகைவிட மெல்லிய சீவலாக எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். சாதாரண மைக்ரோஸ்கோப் அல்ல அது. கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு வடிகண்ணாடிகள், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் வடித்துத் தரும்.

"முதல்ல நல்ல கீலைப் பாருங்க அக்கா."

தஸ்லீமா கண்ணை வைத்தாள். அவ்வளவு நேரம் வெறும் பிளாஸ்டிக்காக இருந்த ஒன்று கறுப்புப் பின்னணியில் பூத்துக் கிடந்தது. சின்னஞ்சிறு வட்டப் பூக்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிலுவைக் கோடு. ஓரங்களில் மட்டும் பூவே இல்லாத மெல்லிய தோல்.

"யா அல்லா, இது எங்க பெட்டியா?"

"உங்க பெட்டிதான்," என்று ரமணி சிரித்தார். "உருகி இருக்கறப்போ இதோட மூலக்கூறெல்லாம் நீள நீளமான நூல் மாதிரி சிக்கிக் கிடக்கும். ஆறும்போது மடிஞ்சு மடிஞ்சு அடுக்கிக்கும். அதுதான் படிகம்."

"சேலையை மடிச்சு அடுக்குற மாதிரியா?"

"கரெக்ட். ஆனா மடிப்பு எங்கயாவது தொடங்கணும் இல்லையா? சும்மா நடுவுல தொடங்கறதுக்கு நேரம் எடுக்கும். மோல்டோட சுவர் வழவழன்னு, குளிர்ச்சியா இருந்தா, அங்க மடியறதுக்குள்ள உறைஞ்சு போயிடும். நீங்க ஓரத்துல பாத்த தோல் அதுதான். இப்ப கெட்டதைப் பாருங்க."

கெட்ட கீலில் ஒரு பக்க ஓரம் முழுவதும் வேலி அடித்ததுபோல் இருந்தது. படிகங்கள் ஒன்றோடொன்று நெருக்கி நின்று, உள்நோக்கி நேராக நீண்டு கீலின் பாதிவரை வந்திருந்தன.

"இங்க சுவர்லயே படிகம் தொடங்கியிருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, ஆயிரக்கணக்குல, பக்கம் பக்கமா. பக்கவாட்டுல வளர இடம் இல்லாததால எல்லாம் வேலிக் கம்பு மாதிரி உள்ளே பாத்து வளருது. கீலை மடக்கினா ரெண்டு கம்புக்கு நடுவுல பிளந்துக்கும். அதுதான் உங்க வெள்ளைக் கோடு."

"ஏன் சில பெட்டியில மட்டும்?"

"சுவர்ல என்னவோ ஒட்டியிருந்திருக்கு. பிளாஸ்டிக்கு ரொம்பப் பிடிச்ச ஏதோ ஒண்ணு." ரமணி இன்னொரு கருவியின் திரையைத் திருப்பிக் காட்டினார். வேலியின் அடியில் தகடு தகடாகத் துகள்கள். "டால்க். சில கம்பெனிங்க பிளாஸ்டிக் சீக்கிரம் இறுகணும்னு இதை வேணும்னே கலப்பாங்க. அப்படிக் கலந்திருந்தா உள்ளே எல்லாம் இருக்கும். உங்களுது மேல்பரப்புல மட்டும் இருக்கு. மோல்டுல இருந்துதான் வந்திருக்கணும்."

"டால்க்னா என்ன டாக்டர்?"

"பவுடர்தான் அக்கா. மூஞ்சிக்குப் போடுற பவுடர்ல இருக்குமே."

தஸ்லீமாவின் கை தானாகப் பைக்குள் போய் டப்பாவைத் தொட்டது. பவுடர் போட்ட கை, அதன் மேல் பருத்திக் கையுறை, இழைகளின் இடுக்கில் கசியும் பவுடர். தூசி இருக்கக் கூடாது என்று ஏழு பள்ளத்திலும் ஓட்டிய அதே விரல். காலையில் முதலில் விழும் பெட்டிகளே அந்தப் பவுடரை ஒட்டி எடுத்துப் போய்விடும், பத்து மணிக்கு மேல் பள்ளத்தில் மிச்சம் இருக்காது. அவள் இல்லாத பத்து நாள் வாணி துடைத்தாள், கோடு விழவில்லை. எல்லாம் ஒரே நொடியில் சரம்போல் கோத்துக்கொண்டன.

"திங்கட்கிழமை ரிப்போர்ட் அனுப்பிடறேன்," என்றார் ரமணி. "டால்க் எங்கிருந்து வந்துச்சுன்னு நாங்க எழுத முடியாது. அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

கொமுட்டர் ரயிலில் கிள்ளான் வரும் வரை அந்தக் கடைசி வாக்கியமே அவள் காதில் ஓடியது. நீங்கதான் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிக்காமல் விட்டால் என்ன? நாளையிலிருந்து பவுடர் போடாமல் துடைத்தால் கோடு நின்றுவிடும். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. டால்க் எப்படி வந்தது என்று யாப் கேட்டால், அரைக்கும் இடத்துத் தூசி பறந்து வந்திருக்கும் என்பார்கள். அந்த இடத்தில் நிற்பது தனேஷ், மறுபடியும் பழி அவன் மேல்தான் விழும்.

கிள்ளான் நிலையத்தில் இக்ராம் மோட்டாரோடு காத்திருந்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொள்ளாமலேயே அவள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவர் மோட்டாரை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"தனேஷை மாத்தினது உன் ரிப்போர்ட்டாலதானே?"

"ஆமா."

"அப்ப சொல்லிடு லா. சொல்லாம இருந்தா உனக்குச் சோறு இறங்காது. நானும் சேந்து பட்டினி கிடக்கணும்."

"இருபத்தாறு வருஷம் சேத்த பேருங்க."

"பேரு போனா போகட்டும். உன்கிட்ட கண்ணு இருக்குதானே?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நிலையத்து வாசலில் இழுத்து ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும் வரை இக்ராம் பக்கத்தில் நின்றார்.

திங்கட்கிழமை காலை யாப்பையும் வாணியையும் மெஷின் பக்கம் வரச் சொன்னாள். அரைக்கும் இடத்துக்குத் தானே நடந்துபோய், "தனேஷ், ஒரு அஞ்சு நிமிஷம் வா," என்றாள். அவன் காதடைப்பைக் கழற்றாமல் பின்னால் வந்தான்.

எல்லோரும் பார்க்க, கையில் பவுடரைத் தட்டிப் பருத்திக் கையுறையை மாட்டினாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்று நான்கு பள்ளங்களில் எப்போதும்போல் விரலை ஓட்டினாள். மீதி மூன்றைச் சுத்தமான புதுத் துணியால் வாணியைத் துடைக்கச் சொன்னாள்.

"தனேஷ், மெஷினை நீயே ஓட்டு."

அவன் யாப்பைப் பார்த்தான். யாப் தலையசைத்தார். தனேஷ் மீட்டரைக் காட்டி, "சூடு சரியா இருக்கு. எல்லாரும் பாத்துக்கங்க," என்றான். பிறகுதான் பொத்தானை அழுத்தினான்.

பெட்டிகள் விழுந்தன. பத்தாவது பெட்டியை எடுத்து மூடிகளை ஒவ்வொன்றாக மடக்கினாள். ஞாயிறு, வெள்ளைக் கோடு. திங்கள், கோடு. செவ்வாய், புதன், கோடு. வியாழன் தெளிவு. வெள்ளி, சனி தெளிவு. இன்னும் ஐந்து பெட்டிகளை மடக்கினாள். எல்லாவற்றிலும் முதல் நான்கில் மட்டும் கோடு விழுந்தது.

"இது என் கை," என்றாள் தஸ்லீமா. கையுறையைக் கழற்றிப் பவுடர் படிந்த உள்ளங்கையைக் காட்டினாள். "தனேஷ் மேல ஒரு தப்பும் இல்ல. பாக்காம எழுதினது நான்தான்."

யாப் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். எத்தனை வருடமாகப் பவுடர் போடுகிறாய் என்று மலாயில் கேட்டார். முப்பத்தைந்து வருடம் என்றாள். அவர் முகம் இறுகி, பிறகு தளர்ந்தது. "வேறு யாராவது இதைக் கண்டுபிடித்திருந்தால் உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். நீயே கண்டுபிடித்துவிட்டாய், நான் என்ன செய்ய?" என்று கையை விரித்தார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார். அதில் கையெழுத்துப் போடும்போது அவள் கை நிதானமாக இருந்தது.

தனேஷ்தான் எளிதில் இறங்கி வரவில்லை. "ரிப்போர்ட்ல என் பேரை எழுதினீங்க அக்கா. இப்ப உங்க பேரையும் அதே மாதிரி எழுதணும். அதே சைஸ் எழுத்துல," என்றான்.

"எழுதிட்டேன். நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கேன், போய்ப் பாரு."

அவன் போய்ப் பார்த்தான். நின்று முழுவதும் படித்தான். அன்றே மெஷினுக்குத் திரும்பினான். ஆனால் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அவன் கோபத்தில் நியாயம் இருந்ததால் அவளும் வற்புறுத்தவில்லை. தினமும் காலை வணக்கம் சொன்னாள், பதில் வராவிட்டாலும் சொன்னாள். ஐந்தாவது வாரம், "வணக்கம் வணக்கம், கீலைப் பாருங்க முதல்ல," என்று சிடுசிடுத்தான். அன்று முழுதும் அவளுக்கு மனம் லேசாக இருந்தது.

கிளினிக்கில் கொடுத்த மருந்தைத் தடவியதில் கை வியர்ப்பது பாதியாகக் குறைந்தது. பவுடர் இல்லாத ரப்பர் கையுறைக்கு மாறினாள். மருந்துக்கடைக்காரர்களுக்கு, நடந்ததை யாப் மறைக்காமல் எழுதினார். அவர்கள் ஆர்டரை நிறுத்தவில்லை. மாறாக, எந்தத் தொழிற்சாலையும் காரணத்தை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை என்று பதில் எழுதினார்கள். அந்தத் தைரியத்தில் யாப் பழைய மைக்ரோஸ்கோப் ஒன்றை வாங்கினார். ஒளியை வடிக்கும் அதே வகைதான். அதை யாருக்கென்று தனியாகச் சொல்லவில்லை. தஸ்லீமாவின் மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சந்தேகம் வந்தால் ரமணிக்குப் போன் போடுவாள். மோல்டை எதுவெல்லாம் தொடலாம், எதுவெல்லாம் தொடக் கூடாது என்று அவளே ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்கினாள். கண்ணாடித் துண்டில் துளிப் பிளாஸ்டிக்கை உருக்கி, அதற்குள் ஏதாவது ஒன்றை வைத்து, மெல்ல ஆறவிட்டுப் பார்ப்பாள். வாணியின் துப்பட்டாவிலிருந்து ஒரு பருத்தி நூலை வைத்தபோது, நூலின் இருபுறமும் படிகங்கள் வேலி கட்டிக்கொண்டன. கண்ணாடி இழையை வைத்தாள். அதன் ஓரத்தில் ஒன்றும் நடக்கவில்லை, பூக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பூத்தன.

சனிக்கிழமைகளில் அரை நாள்தான் வேலை. மெஷினை நிறுத்தியதும் தனேஷும் வந்து எட்டிப் பார்ப்பான்.

"அக்கா, பருத்தின்னா ஓடிவந்து ஒட்டுது. கண்ணாடின்னா கண்டுக்கவே மாட்டேங்குது. இது என்ன கணக்கு?"

"எனக்கும் முழுசாத் தெரியல. ரமணிகிட்ட கேட்டேன். அவங்களுக்கே சிலது இன்னும் தெரியாதாம்."

"டாக்டருக்கே தெரியாதா?" தனேஷுக்கு அதில் ஏனோ பெரிய சந்தோஷம். "இருங்க, என்கிட்ட மீன் தூண்டில் கயிறு இருக்கு, கொண்டு வரேன், அதையும் வச்சுப் பாப்போம்."

இரண்டு பேரும் ஒரே ஸ்டூலுக்குப் போட்டி போட்டுக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார்கள். கறுப்புக்குள் முதல் புள்ளி வெள்ளையாகத் தோன்றி, மெல்லப் பரவி, பக்கத்துப் பூவோடு முட்டி நின்றது. தஸ்லீமா கடிகாரத்தைப் பார்த்தபோது ஒன்றரை மணி. கொமுட்டர் போயிருக்கும். இக்ராமுக்குப் போன் போட்டு அடுத்த ரயிலில் வருகிறேன் என்றாள். "மெதுவா வா, சாப்பிட முர்தபாக் வாங்கி வச்சிருக்கேன்," என்றார் அவர். அவள் போனை வைத்துவிட்டு, "தள்ளு தனேஷ், என் முறை," என்று மறுபடி கண்ணை வைத்தாள்.